ஸ்கோர்கார்டுல கட்டம் இல்லாத வேலை: ராபின் சிங், ஃபீல்டராவும் ஃபீல்டிங் கோச்சாவும்

எங்க தெருவுல டீம் பிரிக்கிறப்ப எப்பவும் ஒருத்தன் மிஞ்சுவான். வயசுல சின்னப் பையனா இருப்பான், இல்ல யாரோட சித்தி பையனோ லீவுக்கு வந்திருப்பான், அவன பாத்து பெரிய பசங்க சொல்ற டயலாக் ஒண்ணுதான்: "நீ ஒப்புக்குச் சப்பாணிடா, ரெண்டு டீமுக்கும் ஃபீல்டிங் பண்ணு, பேட்டிங் அப்புறம் பாக்கலாம்." அந்த அப்புறம் வரவே வராது, அதுக்குள்ள இருட்டிடும். ஃபீல்டிங்னா நமக்கு அவ்வளவுதான், பேட்டும் பாலும் கைக்கு வராதவன் செய்ற வேலை.

இத தெருப் பசங்க புத்தின்னு ஒதுக்கிடவும் முடியாது, இந்திய டீமும் ரொம்ப வருஷம் கிட்டத்தட்ட இதே கணக்குலதான் ஓடிச்சு. பட்டோடி கவர்ங்கற எடத்துல நின்னா தனி அழகுன்னு எங்க தாத்தா காலத்து ஆளுங்க சொல்வாங்க. சோல்கர் ஹெல்மெட் இல்லாம ஷார்ட் லெக்ல பேட்டுக்கு மூக்கு முட்ட நின்னு 27 டெஸ்ட்ல 53 கேட்ச் புடிச்சாரு. அப்புறம் அசாருதீன். இவங்க எல்லாம் தனித்தனி ஆளுங்க, டீமா சேர்ந்து நல்லா ஃபீல்டிங் பண்றதுங்கற பேச்சே அப்ப கிடையாது. பால் பக்கத்துல வந்தா புடிப்பாங்க, ரெண்டடி தள்ளிப் போனா கூடவே ஓடி பவுண்டரி வரைக்கும் கொண்டு போய் விட்டுட்டு வருவாங்க. கட்டாந்தரையில டைவ் அடிச்சா முழங்கை தோல் பிச்சிக்கிட்டு வரும், சின்ன வயசுல யாரும் அடிச்சதில்ல, பெரியவங்களாகி திடீர்னு அடிக்கச் சொன்னா எங்கருந்து வரும்.

இந்தக் கூட்டத்துல 1996ல ஒருத்தரு வந்து நின்னாரு, வயசு 33. அந்த வயசுல நம்மாளுங்க கீப்பர் பக்கத்துல ஸ்லிப்ல போய் செட்டில் ஆகி கைய கட்டிக்கிட்டு நிப்பாங்க, இவரு பால் வேகமா வர்ற எடங்களான பாயிண்ட்லயும் கவர்லயும் மிட்விக்கெட்லயும் 22 வயசுப் பையன் மாதிரி பாஞ்சுக்கிட்டு இருந்தாரு. டிவில ராபின் சிங்னு பேரு வந்துச்சு. எங்க வீட்ல அப்பா "யார்றா இது, பஞ்சாபியா?"ன்னு கேட்டாரு. தமிழ்நாட்டு பிளேயர்ப்பான்னா நம்பல.

கதை கொஞ்சம் சுத்தும். ராபின் சிங் பொறந்தது டிரினிடாட்ல, பிரின்ஸஸ் டவுன்ங்கற ஊர்ல, 1963 செப்டம்பர் 14. வெள்ளக்காரன் கரும்புத் தோட்டத்துக்கு கப்பல்ல ஏத்திக்கிட்டுப் போன இந்தியர்களோட வாரிசுங்க நெறைய பேரு இருக்கற பக்கம் அது. முழுப்பேரு ரபீந்திர ராமநாராயண் சிங். எண்பதுகளோட முதல் பாதியில படிக்கறதுக்காக மெட்ராஸ் வந்தாரு, மெட்ராஸ் யுனிவர்சிட்டில எகனாமிக்ஸ், அப்படியே இங்கயே தங்கிட்டாரு. அந்தக் காலத்துல உலகத்துலயே பெரிய டீம் வெஸ்ட் இண்டீஸ்தான், லாயிட், ரிச்சர்ட்ஸ், மார்ஷல்னு. அங்கருந்து ஒரு பையன் கிளம்பி சேப்பாக்கத்துக்கு வந்து கிரிக்கெட் ஆடுறான்னா அன்னிக்கி யாருக்கும் அது தலைகீழாத்தான் தெரிஞ்சிருக்கும்.

தமிழ்நாடு ரஞ்சி டீம்ல இடம் கிடைச்சுது. 1987-88 சீசன்ல வாசுதேவன் கேப்டன்சில தமிழ்நாடு ரஞ்சி கோப்பை ஜெயிச்சப்ப அந்த டீம்ல ராபினும் இருந்தாரு. அதுக்கு முன்னாடி 1954-55ல ஒருதடவ ஜெயிச்சிருந்தோம். 88க்கு அப்புறம் எத்தன தடவ ஃபைனல், செமி ஃபைனல்னு போய் திரும்பி வந்தோம்னு எண்ண ஆரம்பிச்சா எனக்கு பிரஷர் ஏறும், அத விடுங்க.

இந்தியாவுக்கு ஆடணும்னா இந்தியக் குடிமகனா இருக்கணும், ராபின் டிரினிடாட் குடியுரிமைய விட்டுட்டு இந்தியப் பாஸ்போர்ட் வாங்கினாரு. வாங்கின கையோட 1989 மார்ச்ல முதல் ஒருநாள் மேட்ச். யாரோட? வெஸ்ட் இண்டீஸோட. எங்க? போர்ட் ஆஃப் ஸ்பெயின், டிரினிடாட்ல, குவீன்ஸ் பார்க் ஓவல் கிரவுண்ட்ல. சொந்த ஊருக்கே எதிர் டீம் சட்டையப் போட்டுக்கிட்டு போயிருக்காரு மனுஷன். இந்த கிரவுண்ட் பேர ஞாபகம் வச்சுக்கங்க, கதையில இன்னொரு தடவ வரும்.

அந்த டூர்ல ரெண்டே மேட்ச், அதோட சரி. அடுத்த ஏழு வருஷம் கூப்பிடவே இல்ல. ஏழு வருஷம்னா ஒரு சாதாரண பிளேயருக்கு மொத்த கரியரே அவ்வளவுதான், இவரு அந்த ஏழு வருஷமும் ரஞ்சி ஆடிக்கிட்டே, உடம்ப அப்படியே வச்சுக்கிட்டே இருந்து 1996 டைட்டன் கப்ல திரும்பி வந்தாரு. அதுக்கப்புறம் 2001 வரைக்கும் ஒருநாள் டீம்ல இருந்தாரு, மொத்தம் 136 மேட்ச், 2336 ரன், ஆவரேஜ் 25.95, 69 விக்கெட்.

இந்த நம்பர வச்சு இன்னிக்கி ஒரு பையன் ராபின் சிங்க மதிப்பு போட்டா சுமார் ஆல்ரவுண்டர்னு சொல்லிட்டுப் போயிடுவான், அவன தப்பு சொல்லவும் முடியாது. ராபினோட பெரிய மேட்ச் எல்லாமே வேற ஒருத்தரோட பேர்ல பதிவான மேட்ச். 1998 ஜனவரி, டாக்கா, இண்டிபெண்டன்ஸ் கப் மூணாவது ஃபைனல். பாகிஸ்தான் 48 ஓவர்ல 314. அன்னிக்கி வரைக்கும் யாரும் அவ்வளவு பெரிய ஸ்கோர தொரத்தி ஜெயிச்சதில்ல. சச்சின் 26 பால்ல 41 அடிச்சிட்டுப் போனதும் மூணாவதா ராபின அனுப்பினாங்க, கங்குலியோட சேர்ந்து 179 ரன் பார்ட்னர்ஷிப், ராபின் 83 பால்ல 82. இருட்டிக்கிட்டு வந்துச்சு, பாலே தெரியல, கடைசில சக்லைன் பால்ல கனித்கர் ஒரு ஃபோர் அடிச்சு முடிச்சாரு. இன்னிக்கி யாரக் கேட்டாலும் கங்குலி 124 ஞாபகம் இருக்கும், கனித்கர் ஃபோர் ஞாபகம் இருக்கும். நடுவுல ஓடுன ஓட்டம்?

1999 உலகக் கோப்பை, டான்டன், இலங்கை மேட்ச். கங்குலி 183, டிராவிட் 145, அது எல்லாருக்கும் மனப்பாடம். அதே மேட்ச்ல இலங்கைய சுருட்டினது யாருன்னு குவிஸ்ல கேட்டா பாதிப் பேரு ஸ்ரீநாத்னு எழுதுவாங்க. ராபின் சிங், 31 ரன்னுக்கு 5 விக்கெட். அதுக்கு ஒரு வாரம் முன்னாடி லெஸ்டர்ல ஜிம்பாப்வே மேட்ச், 2 ஓவர்ல 9 ரன் வேணும், ராபின் நிக்கறாரு, சரி முடிஞ்சுதுன்னு நாங்க டிவி முன்னாடி காலாட்டிக்கிட்டு உக்காந்திருந்தோம். ஜிம்பாப்வே பௌலர் ஒலாங்கா ஒரே ஓவர்ல ராபின், ஸ்ரீநாத், பிரசாத்னு மூணு பேரயும் தூக்கிட்டான். 3 ரன்ல தோல்வி. இது மட்டும் எல்லாருக்கும் நல்லா ஞாபகம் இருக்கு.

டெஸ்ட் மேட்ச் ஒண்ணே ஒண்ணு, 1998 அக்டோபர் ஹராரே, அப்ப வயசு 35. ரெண்டு இன்னிங்ஸும் சேர்த்து 27 ரன், விக்கெட் இல்ல, ஆனா 5 கேட்ச். மொத்த டெஸ்ட் வாழ்க்கையும் அந்த ஒரு மேட்ச்தான், அதுல உருப்படியா ஒரு நம்பர் நிக்குதுன்னா அது ஃபீல்டிங்ல நிக்குது. (சைடுல ஒண்ணு: அதுக்கு சில மாசம் கழிச்சு நியூசிலாந்துல டெல்லி ஃபாஸ்ட் பௌலர் ஒருத்தரு ஒரே ஒரு டெஸ்ட் ஆடுனாரு, அவரு பேரும் ராபின் சிங். ஒரு டெஸ்ட்டு ராபின் சிங்னு கேட்டா எந்த ராபின் சிங்னு திருப்பிக் கேக்கணும்.)

சரி, கேட்ச் கணக்குக்கு வருவோம், இங்கதான் எனக்கே கொஞ்ச நாள் குழப்பம் இருந்துச்சு. ஒருநாள் மேட்ச்ல ராபின் புடிச்சது 136 மேட்ச்ல 33 கேட்ச். அசாருதீன் 334 மேட்ச்ல 156. ஜான்டி ரோட்ஸ் 245 மேட்ச்ல 105. அப்ப நாலு மேட்ச்சுக்கு ஒண்ணு புடிச்ச ராபினத்தான் நாம அந்தக் காலத்து பெஸ்ட் ஃபீல்டர்னு சொல்லிக்கிட்டு திரியறமா? நம்பர மட்டும் வச்சு வாதாடுறவன்கிட்ட இதுக்கு பதில் இல்ல. ஆனா அந்த மேட்ச்செல்லாம் உக்காந்து பாத்தவனுக்குத் தெரியும், பாயிண்ட் பக்கம் தட்டிவிட்டு ஓடலாம்னு ரெண்டடி வச்ச பேட்ஸ்மேன் ராபின் பால்கிட்ட வர்றத பாத்ததும் அப்படியே திரும்பிக் கிரீஸுக்குள்ள போவான். அந்த ரன் ஓடவே இல்ல, அதனால ஸ்கோர்கார்டுலயும் இல்ல. கேட்ச் புடிச்சா பேரு வரும், ரன் அவுட் பண்ணா பேரு வரும், ஓடாம விட்ட ரன்னுக்கு எந்தக் கட்டத்துல டிக் போடுவீங்க.

இது எப்படி வேல செய்யுதுன்னு ஒரு சின்ன கணக்கு போட்டா புரியும். கிரீஸுக்கும் கிரீஸுக்கும் நடுவுல தூரம் 17.68 மீட்டர். நல்லா ஓடுறவனுக்கு ஒரு ரன் ஓட சுமாரா மூணு செகண்ட். உள்வட்டம் விக்கெட்லருந்து 30 கெஜம், அதாவது 27 மீட்டர் சொச்சம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்துல எறிஞ்சா அந்த தூரத்துக்கு ஒரு செகண்ட் ஆகும். பேட்லருந்து பால் ஃபீல்டர்கிட்ட வர ஒரு செகண்ட்னு வச்சுக்கங்க. மிச்சம் இருக்கறது ஒரே செகண்ட், அதுக்குள்ள குனிஞ்சு, எடுத்து, நிமிந்து, எறியணும். இதுல அரை செகண்ட் மிச்சம் புடிச்சா பேட்ஸ்மேன் கிட்டத்தட்ட 3 மீட்டர் பின்னாடி மாட்டிப்பான். பேட்டோட நீளமே ஒரு மீட்டர் கிடையாது, அவன் எவ்வளவுதான் நீட்டி விழுந்தாலும் அந்த 3 மீட்டர எட்டாது.

அந்த அரை செகண்ட் கை வேகத்துலருந்து வர்றதில்ல, காலுலருந்து வருது. பௌலர் ஓடி வர்றப்ப உள்வட்டத்துல நிக்கறவன் நாலடி முன்னாடி நடந்து வருவான், பால் பேட்ல படற அந்த நொடில ரெண்டு காலும் சேர்ந்து ஒரு சின்ன குதி குதிச்சு லேண்ட் ஆகணும், அப்பதான் எந்தப் பக்கமும் சட்டுன்னு கிளம்ப முடியும். நடந்துக்கிட்டே இருந்தா ஒரு கால் மேல பாரம் இருக்கும், அந்தப் பக்கமே பால் வந்தா காலி. சும்மா நின்னுக்கிட்டே இருந்தா அதவிட மோசம். அடுத்த தடவ மேட்ச் பாக்கறப்ப பாலப் பாக்காம கவர்ல நிக்கறவனோட காலப் பாருங்க, ரெண்டு ஓவர் பாத்தாலே யாரு ஃபீல்டர், யாரு ஒப்புக்குச் சப்பாணின்னு தெரிஞ்சிடும்.

2001ல ராபின் ரிட்டயர் ஆனாரு. அப்புறம் கோச்சிங். இந்திய அண்டர் 19 பசங்க, ஹாங்காங் டீம், இந்தியா ஏ டீம்னு படிப்படியா. பெரிய பேரு இருக்கறவங்க மைக்கப் புடிச்சுக்கிட்டு கமெண்ட்ரிக்கு போற நேரத்துல இவரு ஹாங்காங்ல போய் வேல பாத்திருக்காரு.

இப்ப அந்த கிரவுண்டுக்கு திரும்பி வருவோம். 2007 மார்ச், உலகக் கோப்பை, குவீன்ஸ் பார்க் ஓவல், போர்ட் ஆஃப் ஸ்பெயின். 17ஆம் தேதி பங்களாதேஷ்கிட்ட தோல்வி, 23ஆம் தேதி இலங்கைகிட்ட தோல்வி, மூட்டையக் கட்டிக்கிட்டு வீட்டுக்கு. ராபின் 18 வருஷத்துக்கு முன்னாடி முதல் மேட்ச் ஆடுன அதே கிரவுண்ட். கோச் கிரெக் சேப்பல் போனாரு, எல்லாம் கலைஞ்சுது, மே மாசம் பங்களாதேஷ் டூருக்கு அவசரமா ஒரு செட்டப் போட்டாங்க, ரவி சாஸ்திரி மேனேஜர், வெங்கடேஷ் பிரசாத் பௌலிங் கோச், ராபின் சிங் ஃபீல்டிங் கோச். அவரு விட்டுட்டு வந்த ஊர்ல இந்தியா அவமானப்பட்டுத்தான் அவருக்கு இந்திய டீம்ல அடுத்த வேல கிடைச்சுது. இதுல நான் அர்த்தம் எல்லாம் தேடல, ஆனா சொல்லாம இருக்கவும் முடியல.

ஃபீல்டிங் கோச்னா என்ன வேலைன்னு நெறைய பேருக்கு தெரியாது, சாயங்காலம் நாலு கேட்ச் அடிச்சு குடுத்துட்டு போற ஆளுன்னு நெனப்பாங்க. அந்த அடிச்சு குடுக்கறதே தனி வித்தை. ஒருத்தன் வலது பக்கம் ரெண்டு மீட்டர் வரைக்கும் போய் புடிப்பான்னா அவனுக்கு ரெண்டேகால் மீட்டர்ல போடணும், ரெண்டுல போட்டா அவன் ஒண்ணும் கத்துக்க மாட்டான், மூணுல போட்டா வெறுத்துப் போயிடுவான். அதையும் ஓடிக்கிட்டே, ஒரு கையால பேட்ட சுத்தி, நாளுக்கு நூத்துக்கணக்குல. மேல தூக்கி அடிக்கற கேட்ச்சுக்கு சூரியன் எந்தப் பக்கம், காத்து எந்தப் பக்கம், நைட் மேட்ச்சுன்னா லைட் டவர் எங்க இருக்கு, இதெல்லாம் மேட்ச்சுக்கு முந்தின நாளே பாத்து ஒவ்வொருத்தனையும் அவன் நிக்கப்போற எடத்துலயே நிக்க வச்சு புடிக்க விடணும். ஸ்லிப் ஆளுங்களுக்கு தனியா, எட்ஜ் வர்ற மாதிரி பேட்ல உரசி விடணும். கீப்பருக்கு தனி. ஒத்த ஸ்டம்ப நட்டு வச்சு எறிஞ்சு பழகறது தனி.

பேட்டிங் கோச்சுக்கு ஆறேழு பேருதான் முக்கியமான கஸ்டமர், பௌலிங் கோச்சுக்கு நாலஞ்சு பேரு, ஃபீல்டிங் கோச்சுக்கு மொத்த டீமும். ஆனா அவருக்கு கிடைக்கற நேரம்? நெட்ஸ் முடிஞ்சு எல்லாரும் சோர்ந்து போய் பஸ்ஸப் பாக்கற நேரமா இருக்கும். அதுலயும் பெரிய பேட்ஸ்மேன்கிட்ட போய் நீங்க இன்னும் இருபது புடிக்கணும் சார்னு சொல்றதுக்கு ஒரு தகிரியம் வேணும், அவன் முகம் கோணாம கேக்கறதுக்கு நம்மகிட்ட ஏதாவது இருக்கணும். ராபின்கிட்ட அது இருந்துச்சு, 37 வயசு வரைக்கும் டைவ் அடிச்ச உடம்பு அது.

2007 செப்டம்பர், தென்னாப்பிரிக்கா, முதல் டி20 உலகக் கோப்பை. 14ஆம் தேதி டர்பன்ல பாகிஸ்தானோட மேட்ச் டை ஆகி பௌல் அவுட்டுக்கு, அதாவது பேட்ஸ்மேன் இல்லாம ஸ்டம்ப குறி பாத்து பால் போடற போட்டிக்கு, போச்சு, நம்ம ஷேவாக், ஹர்பஜன், உத்தப்பா மூணு பேரும் ஸ்டம்ப அடிச்சாங்க, பாகிஸ்தான்ல ஒருத்தனும் அடிக்கல. இந்திய டீம் பிராக்டிஸ்ல இத ஒரு விளையாட்டு மாதிரி பழகி வச்சிருந்தாங்க, அந்த கிரெடிட் வெங்கடேஷ் பிரசாத்துக்கு போகணும். அன்னிக்கி தேதிய இன்னொரு தடவ பாருங்க, ராபினோட 44ஆவது பொறந்தநாள்.

எனக்கு அந்த டோர்னமெண்ட்ல தனியா நிக்கறது வேற ரெண்டு சீன். தென்னாப்பிரிக்கா மேட்ச், ஆர்.பி. சிங் பௌலிங், கிரேம் ஸ்மித் எட்ஜ் விட்டான், செகண்ட் ஸ்லிப் பக்கம் தினேஷ் கார்த்திக் ஒரு பக்கமா முழுசா பறந்து புடிச்சாரு. தினேஷ் அடிப்படையில கீப்பர், தோனி இருக்கறதால ஃபீல்டரா நிக்கறாரு. அதே மேட்ச்ல ஜஸ்டின் கெம்ப் ரன் அவுட், அப்ப 20 வயசு ரோகித் ஷர்மா பாஞ்சு எடுத்து நேரா ஸ்டம்ப்ல அடிச்சாரு. பேட்டிங்ல 50 அடிச்ச அதே நாள். ரெண்டாவது சீன் ஃபைனல். 157தான் அடிச்சிருக்கோம். இம்ரான் நசீர் ஸ்ரீசாந்த வெளுத்துக்கிட்டு இருக்கான், 14 பால்ல 33, இன்னும் மூணு ஓவர் நின்னா மேட்ச் முடிஞ்சிடும். மிட் ஆஃப் பக்கம் தட்டிட்டு ஓடினான். உத்தப்பா எடுத்து எறிஞ்சாரு, டைரக்ட் ஹிட். அன்னிக்கி நாம ஜெயிச்சது 5 ரன்ல. கடைசில மிஸ்பா ஸ்கூப் அடிச்சு ஸ்ரீசாந்த் புடிச்சத வருஷா வருஷம் டிவில போடுறாங்க, நசீரோட ரன் அவுட்ட யாரும் போடுறதில்ல. எனக்கு கேட்டா மேட்ச் திரும்பினது அங்கதான்.

இதெல்லாம் ராபின் சிங் சொல்லிக் குடுத்து வந்ததான்னு கேட்டா, மூணு நாலு மாசத்துல யாரும் யாருக்கும் பறக்க சொல்லிக் குடுக்க முடியாது. இள வயசு டீம், சச்சின், டிராவிட், கங்குலி மூணு பேரும் ஒதுங்கிக்கிட்ட டோர்னமெண்ட், ஓடற காலுங்க நெறைய இருந்துச்சு. ஆனா ஃபீல்டிங்குக்குன்னே தனியா ஒரு ஆளு, அவன் கேக்கற நேரம்னு ஒண்ணு, பசங்களுக்குள்ள அதுல போட்டின்னு ஒண்ணு வந்துச்சு இல்லையா, அது புதுசு. அடுத்த வருஷம் ஆஸ்திரேலியா முக்கோணத் தொடருக்கு கங்குலியும் டிராவிட்டும் இல்லாம டீம் போனப்ப ஃபீல்டிங்கும் ஒரு காரணம்னு வெளிப்படையாவே பேச்சு ஓடிச்சு. எங்க ரூம்ல அன்னிக்கி பெரிய சண்டை, பத்தாயிரம் ரன் அடிச்சவன ஓட முடியலன்னு வெளிய வைப்பியான்னு ஒருத்தன் சட்டையப் புடிக்காத கொறை. இதுல டிராவிட்டுக்கு ஒரு அநியாயமும் இருக்கு, டெஸ்ட்ல, பெரும்பாலும் ஸ்லிப்ல நின்னு, மொத்தம் 210 கேட்ச் புடிச்ச மனுஷன் அவரு. ஆனா ஸ்லிப்ல நிக்கறது ஒரு தொழில், கவர்ல பாயறது வேற தொழில். ஃபைனல்ல சிட்னிலயும் பிரிஸ்பேன்லயும் ஆஸ்திரேலியாவ அவங்க ஊர்லயே ரெண்டுக்கு பூஜ்யம்னு ஜெயிச்சதும் அந்த வாதம் அப்படியே அமுங்கிப் போச்சு.

2009 ஆச்சு. கேட்ச் விட ஆரம்பிச்சாங்க, பேப்பர்ல எழுத ஆரம்பிச்சாங்க, சாம்பியன்ஸ் டிராபில முதல் ரவுண்டோட வெளிய வந்தோம், அக்டோபர்ல ராபின் சிங்கையும் வெங்கடேஷ் பிரசாத்தையும் போர்டு வீட்டுக்கு அனுப்பிடுச்சு. ஃபீல்டிங் கோச் வேலைல இருக்கற பெரிய கொடுமை இதுதான்னு நெனக்கறேன். பேட்ஸ்மேன் ஃபார்ம்ல இல்லன்னா பேட்ஸ்மேனத் திட்டுவோம், பௌலர் அடி வாங்கினா பௌலரத் திட்டுவோம், நாலு கேட்ச் விட்டா மட்டும் அந்த ஃபீல்டிங் கோச் என்னதாய்யா பண்றான்னு கேப்போம். அவரு ஆடுற காலத்துல காப்பாத்தின ரன்னுக்கும் கணக்கு இல்ல, கோச்சா காப்பாத்தின ரன்னுக்கும் கணக்கு இல்ல, விட்ட கேட்ச்சுக்கு மட்டும் கணக்கு பக்காவா இருக்கும்.

ராபின் அங்கயே நிக்கல. ஐபிஎல் முதல் சீசன்லயே டெக்கான் சார்ஜர்ஸுக்கு ஹெட் கோச்சா இருந்து டீம் கடைசி எடத்துல முடிஞ்சிருந்துச்சு, அது சறுக்கல்தான், மழுப்ப ஒண்ணுமில்ல. 2010லருந்து மும்பை இந்தியன்ஸ். ஹெட் கோச், அப்புறம் ஜான் ரைட், பாண்டிங், ஜெயவர்தனேன்னு வேற வேற ஆளுங்க மேல வந்தப்பவும் கீழ எறங்கி அசிஸ்டென்டா, பேட்டிங் கோச்சான்னு அதே டீம்ல பல வருஷம் ஓட்டினாரு, ஈகோ பாத்திருந்தா முடிஞ்சிருக்காது. கொஞ்ச வருஷம் அந்த டீம்லயே ஃபீல்டிங் கோச் யாருன்னா ஜான்டி ரோட்ஸ். 1992ல இன்சமாம ஸ்டம்போட சேர்த்து பறந்து அடிச்ச மனுஷனும் ராபினும் ஒரே டக் அவுட்ல. கரீபியன் லீக்ல பார்படோஸ் டீமுக்கு கோச்சா இருந்து 2014ல கோப்பை ஜெயிச்சாரு, டிரினிடாட்லருந்து கிளம்பி மெட்ராஸ் வந்தவரு திரும்பி அந்தப் பக்கமே கோச்சா போன கணக்கு. 2020ல ஐக்கிய அரபு அமீரகத்துக்கு கிரிக்கெட் டைரக்டரா போனாரு.

இந்திய டீம்ல அந்த சீட்டுக்கு அப்புறம் வந்தவங்கள பாத்தா ஒரு விஷயம் தெரியும். டிரெவர் பென்னி, ஜிம்பாப்வேல பொறந்து இங்கிலாந்து கவுண்டி ஆடினவரு, இன்டர்நேஷனல் மேட்ச்சே ஆடினதில்ல. 2014லருந்து 2021 வரைக்கும் ஆர். ஸ்ரீதர், ஹைதராபாத்துக்கு ரஞ்சி ஆடின இடதுகை ஸ்பின்னர், இந்தியாவுக்கு ஆடினதில்ல. அவருக்கு அப்புறம் டி. திலீப், பெருசா ஆடின ஆளே இல்ல, கோச்சிங்லயே வளந்தவரு. ஆஸ்திரேலியா அதுக்கு முன்னாடியே மைக் யங்னு ஒரு அமெரிக்கரக் கூட்டிட்டு வந்துச்சு, அவரு பேஸ்பால்காரரு. பெரிய பிளேயரா இருந்தவங்க இந்த வேலைக்கு வர்றது கம்மி, சம்பளமும் பேரும் பேட்டிங் கோச்சுக்குத்தான். 136 மேட்ச் ஆடின ராபின் அந்த லிஸ்ட்ல கொஞ்சம் விதிவிலக்கு.

திலீப் ஒரு வேல பண்ணாரு. 2023 உலகக் கோப்பைல ஒவ்வொரு மேட்ச் முடிஞ்சதும் டிரஸ்ஸிங் ரூம்ல பெஸ்ட் ஃபீல்டருக்கு ஒரு மெடல். அந்த வீடியோ மேட்ச் ஹைலைட்ஸுக்கு சமமா ஓடிச்சு, இன்னிக்கி யாருக்கு மெடல்னு ஆபீஸ்ல பெட் கட்டினோம். முதல் மெடல் விராட் கோலிக்கு, அக்டோபர் 8, ஆஸ்திரேலியா மேட்ச், பும்ரா பௌலிங்ல மிட்செல் மார்ஷ் எட்ஜ ஸ்லிப்ல பாஞ்சு புடிச்சதுக்கு. பேட்டிங்ல அன்னிக்கி 85 அடிச்சிருந்தாரு, அதுக்கு இல்ல. மெடல கழுத்துல போட்டதும் ஸ்கூல் பையன் மாதிரி குதிச்சாரு. அந்த டிரஸ்ஸிங் ரூம் சேப்பாக்கத்துல இருக்கு.